கொம்புக்குத் தனிக் காசு

மகளிடம் ஒரு கேள்வி கேட்பதைவிட ஒரு சட்டம் கொண்டுவருவது சுலபம் என்று காற்புள்ளிக்குத் தோன்றியது ஒரு சனிக்கிழமை காலையில், பல் துலக்கிக்கொண்டிருந்தபோது. வாய் நிறைய நுரை இருந்ததால் உடனே யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தால் மனைவி அப்போதே தடுத்திருப்பாள்.

காற்புள்ளி என்பது அச்சகத்தில் கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர். அது எப்படியோ அவர் பின்னாலேயே வீடு வரை வந்துவிட்டது. பிழை திருத்துவது அவர் தொழில். வேண்டாத சொல் ஒன்றைக் கண்டால் அவருக்குக் கை அரிக்கும். இரங்கல் அறிவிப்பில் "காலஞ்சென்ற அமரர்" என்று வந்தால், "ஒருவர் ஒருமுறைதான் போக முடியும்" என்று ஓரத்தில் எழுதி ஒன்றை வெட்டிவிடுவார். மகள் ஏழு வயதில் வண்ணப் பென்சிலால் எழுதிக் கொடுத்த பிறந்தநாள் வாழ்த்தைச் சிவப்பு மையால் திருத்தி, கீழே "நன்று" என்று போட்டுத் திருப்பிக் கொடுத்தார். நல்ல எண்ணத்தோடுதான் செய்தார். அடுத்த பிறந்தநாளுக்கு மகள் அம்மாவோடு கடைக்குப் போய்ச் சட்டை வாங்கி வந்தாள். சட்டையில் எழுத்து எதுவும் இல்லை.

இப்போது அவளுக்குப் பதினாறு முடிந்துவிட்டது. கொஞ்ச நாளாகவே ஒரு மாதிரி இருந்தாள். முதலில் கவனித்தது மனைவிதான். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களுக்குக் கண் பார்த்துச் சொல்வது அவள் வேலை.

"என்னங்க, பாப்பா கண்ணைப் பாத்தீங்களா?"

"கண்ணாடி போடணுமா?"

"கண்ணாடி இல்ல. நல்ல வெளிச்சத்துல நிக்கிறா, கருமணி சுருங்கவே மாட்டேங்குது. சரியாத் தூங்குறதில்ல. சாப்பாட்டை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தள்ளிட்டு எந்திரிச்சிடுறா. எதையோ முழுங்குறா இவ."

"நீ கேட்டியா?"

"நான் கேட்டா கதவைச் சாத்துறா. உங்ககிட்டதான் சொல்லுவா. கேளுங்க."

அவர் கேட்கத்தான் போனார். மகளின் அறை வாசலில் நின்று தொண்டையைச் செருமினார்.

"பாப்பா."

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. மின்விசிறி ஓடுதா?"

"ஓடுது."

"சரி."

மறுநாள் ஜன்னல் கொக்கி சரியாக விழுகிறதா என்று கேட்டார். அதற்கு மறுநாள் மேசை ஆடுகிறதா என்று கேட்டார். அந்த வாரம் முடிவதற்குள் அறையில் இருந்த சாமான்கள் எல்லாவற்றையும் நலம் விசாரித்துவிட்டார். மகள் ஒருத்திதான் பாக்கி. அவருடைய பயம் இதுதான்: கேட்டு, அவள் "ஆமாம்" என்று சொல்லிவிட்டால், அடுத்த வரி என்னவென்று அவருக்குத் தெரியாது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் வாட்ச்மேன் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், இருமல் மருந்துக் காலி பாட்டில்களையும் பிதுக்கிப் போட்ட பசைக் குழாய்களையும் மாத்திரை அட்டைகளையும் கண்டுபிடித்தார். அடுக்குமாடி முழுக்கக் கொதித்தது. யாருக்கும் தன் பிள்ளைமேல் சந்தேகமில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைமேல் எல்லாருக்கும் இருந்தது. காற்புள்ளி மட்டும் மாத்திரை அட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பல் துலக்கும்போது வந்த யோசனை அதற்கு மறுநாள் காலையில் வந்ததுதான்: அபராதம். பிள்ளைகள் பயந்து விட்டுவிடுவார்கள். விடாதவர்கள் கட்டிவிடுவார்கள். எப்படிப் பார்த்தாலும் காரியம் ஒரு ரசீதோடு முடிந்துவிடும். யாரும் யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்துமிடத்தில் குடியிருப்போர் சங்கம் கூடியது. தலைவர் உடற்பயிற்சிக்கூடம் வைத்திருப்பவர். டம்பெல் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும்.

"நாலு சாத்து சாத்தினா சரியாயிடும்," என்று டம்பெல் ஆரம்பித்தார்.

"அடிச்சா அடியை வாங்கிட்டுச் செய்வாங்க," என்றார் முதல் மாடி நர்ஸ்.

"அதனாலதான் சொல்றேன், அபராதம் போடலாம்," என்று காற்புள்ளி எழுந்தார். "அடிச்சா கேஸ் ஆகும். அறிவுரை சொன்னா தூங்கிடுவாங்க. அபராதம்தான் நாகரிகம்."

"காசு கேட்டா காசைக் குடுத்துட்டுச் செய்வாங்க சார். அதுவும் உங்க காசு. இன்னொண்ணு கேளுங்க. மொட்டைமாடில ஒரு பிள்ளை மயங்கி விழுதுன்னு வைங்க. கூட இருக்கிற பிள்ளைங்க ஃபைனுக்குப் பயந்துக்கிட்டு நம்மளக் கூப்பிடுமா, ஓடிப்போகுமா? முதல்ல உங்க உங்க பிள்ளைய உக்கார வச்சு என்னாச்சுன்னு கேளுங்க."

தம் பிள்ளையை உட்கார வைத்துக் கேட்பது என்ற யோசனை அங்கிருந்த யாருக்கும் பிடிக்கவில்லை. அபராதம் ஏகமனதாக நிறைவேறியது. நர்ஸ் கை தூக்காததை யாரும் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. யோசனை சொன்னவர் தலையிலேயே வேலையைக் கட்டுவது அந்தச் சங்கத்தின் வழக்கம். ஆகவே வசூலும் அறிவிப்புப் பலகையும் சங்கச் செயலாளரான காற்புள்ளியின் பொறுப்பாயின.

சாப்பிடும்போது வீட்டில் சொன்னார். மகள் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"அப்பா, ஃபைன் கட்டிட்டா அப்புறம் யாரும் எதுவும் கேக்க மாட்டாங்களா?"

"கேக்க மாட்டோம். அதான் அதோட அழகே."

மனைவி கரண்டியைப் பாத்திரத்தில் வைத்த சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது. "கட்டுற காசும் தண்டம். கட்டச் சொல்ற ஆளும் தண்டம்."

பலகைக்கு வந்த பெயிண்டர் கறாரான ஆள்.

"எழுத்துக்கு இவ்வளவுன்னு ரேட் சார். கொம்புக்குத் தனி. காலுக்குத் தனி."

"புள்ளிக்கு?"

"புள்ளி மட்டும் என்ன, தானா வந்து உக்காருமா? அதுக்கும் பிரஷ்ஷைத் தொட்டுத்தானே வைக்கணும்."

காற்புள்ளி எழுதிக்கொண்டு வந்த தலைப்பு "போதைப்பொருள் பயன்படுத்தும் சிறார்களுக்கு விதிக்கப்படும் அபராதம்" என்பது. பெயிண்டர் அதை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"முதல் சொல்லுலயே மூணு கொம்பு, ரெண்டு கால், ரெண்டு புள்ளி. இதுக்குப் பேசாம ஒரு படம் வரைஞ்சிடலாம் சார்."

சங்கத்துப் பணத்தை விரயம் செய்யக் காற்புள்ளிக்கு மனம் வரவில்லை. அதோடு, வெட்டச் சொல்லி அவரிடம் ஒருவர் கேட்பது அபூர்வம். சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். கீழே மாத்திரை, பசை என்று விவரமாக இருக்கும்போது மேலே போதைப்பொருள் எதற்கு? வெட்டினார். எதிரே தொகை இருக்கும்போது அபராதம் என்று வேறு சொல்ல வேண்டுமா? அது ஊரறிந்த விஷயம். வெட்டினார். "மூன்றாம் மாடியில் செயலாளரிடம் செலுத்த வேண்டும்" என்பதை "அணுக: மூன்றாம் மாடி" என்று சுருக்கினார். "அணுக" என்ற சொல்லில் கொம்பு இல்லை, கால் இல்லை, புள்ளி இல்லை. படியேறி வீட்டுக்குப் போகும்போது அதை நினைத்து இரண்டு முறை தனியாகச் சிரித்துக்கொண்டார்.

டம்பெல் வந்து பார்த்துவிட்டு, "அடுத்த மாசம் தர்றேன், அப்புறம் தர்றேன்னு இழுப்பாங்க சார்," என்று தன் சொந்தச் செலவில் கடைசி வரி ஒன்றைச் சேர்த்தார். வாசல் கேட்டுக்குப் பக்கத்தில், தெருவைப் பார்த்த சுவரில், பலகை ஏறியது:

பதினெட்டு வயதுக்குள்
மாத்திரை – 500
இருமல் மருந்து – 300
பசை – 200
அணுக: மூன்றாம் மாடி
கடன் கிடையாது

மறுநாள் சாயங்காலமே ஒருவர் வந்துவிட்டார். கழுத்தில் டை, தோளில் பை, நெற்றிக்கு மேல் பாதி வழுக்கை.

"மூணாவது மாடி இதுதானே சார்?"

"ஆமா, வாங்க, உக்காருங்க." காற்புள்ளிக்கு உள்ளம் குளிர்ந்தது. ரசீதுப் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பிரித்தார்.

"மாத்திரை. ரெண்டு," என்றார் வந்தவர், பின்பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டு.

"ரெண்டு தடவையா?"

"இப்போதைக்கு ரெண்டு போதும்."

"மறைக்காம வந்து சொன்னீங்களே, அதுவே பெருசு. யாருக்கு, பையனுக்கா, பொண்ணுக்கா?"

"எனக்குத்தான்."

காற்புள்ளி அவரை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்குப் பதினெட்டு தாண்டியிருக்குமே."

"அதான் சார் கேக்கலாம்னு வந்தேன். போர்டுல சின்னப் பசங்க ரேட் மட்டும்தான் போட்டிருக்கு. பெரியவங்களுக்கு எவ்வளவு?"

"பெரியவங்களுக்குக் கிடையாது."

"ஏன் சார்?"

"எங்களுக்கு அதிகாரம் இல்ல."

டை கட்டியவருக்கு முகம் சுண்டிவிட்டது. "சின்னப் பசங்களுக்குக் குடுப்பீங்க. பொண்டாட்டி பிள்ளையோட இருக்கிறவன் வந்து மரியாதையாக் கேட்டா அதிகாரம் இல்லம்பீங்க. இது என்ன சார் நியாயம்?"

"குடுக்கிறதா? நாங்க வாங்குறோம் சார்."

"சரி, யார்கிட்ட வாங்குறீங்க? அந்த ஆளோட நம்பரையாவது குடுங்க."

மகளின் அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டு மாதக்கணக்காகிவிட்டது. எதற்குச் சிரிக்கிறாள் என்று புரியாவிட்டாலும் அவருக்கும் சிரிப்பு வந்தது. அதைப் பார்த்து, தன்னைத்தான் கேலி செய்கிறார்கள் என்று நினைத்து டை கட்டியவர் விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டார்.

அதன் பிறகு ஒரு பெண் வாட்ச்மேனிடம் நம்பர் வாங்கி ஃபோனில் அழைத்து, வீட்டுக்கே கொண்டுவந்து தருவீர்களா என்று கேட்டாள். மீசை வைத்த இரண்டு இளைஞர்கள் வந்து தங்களுக்குப் பதினேழுதான் என்று சத்தியம் செய்தார்கள். காற்புள்ளிக்கு ஏதோ உறுத்தியது. கீழே போய், தெருவின் எதிர்ப்பக்கம் நின்று, பலகையை எழுத்தெழுத்தாகப் படித்தார். ஒற்றுப்பிழை இல்லை. எழுத்துப்பிழை இல்லை. இடைவெளிகூடச் சரியாக இருந்தது. நிம்மதியாகத் திரும்பப் போனவரிடம் பக்கத்தில் பழம் விற்றுக்கொண்டிருந்தவர் மெதுவாகக் கேட்டார்.

"புதுக் கடை போல. வியாபாரம் எப்படிண்ணே?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பெயிண்டரைக் கூப்பிட்டால், வேறு இடத்தில் சாரத்தின் மேல் நிற்கிறேன், இரண்டு நாள் ஆகும் என்றார். காற்புள்ளி வீட்டுக்கு ஓடி, பூப்போட்ட படுக்கைவிரிப்பு ஒன்றைக் கொண்டுவந்து பலகையை மூடினார். மூடியதும் வருகிறவர்களின் எண்ணிக்கை கூடிவிட்டது. திறந்து கிடந்தபோது நம்பாதவர்களும் இப்போது நம்பினார்கள்.

மறுநாள் காலை வந்தவர் போலீஸ்காரர். படுக்கைவிரிப்பை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தார். மனைவி கடைக்குக் கிளம்பிப் போயிருந்தாள். மகள் அறையில் இருந்தாள்.

"கடை உங்களோடதா?"

"கடை இல்ல சார்."

"சரக்கு எங்க?"

"சரக்கு இல்ல சார்."

"தீந்துபோச்சா?"

"ஐயோ, அது அபராதப் பட்டியல் சார்."

"அபராதம்னு எங்க இருக்கு?"

"இருந்துச்சு. நான்தான் வெட்டிட்டேன்."

"ஏன்?"

"அஞ்சு எழுத்து சார். ஒரு கால், ஒரு புள்ளி."

"கடன் கிடையாதுன்னு இருக்கே?"

"அது தலைவர் கைக்காசைப் போட்டு எழுதினது."

"வீட்டைப் பாக்கணும்."

சமையலறையைப் பார்த்தார். அலமாரியைத் திறந்தார். அங்கே அகராதிகள்தான் இருந்தன. ஒன்றை எடுத்து உதறிப் பார்த்துவிட்டு வைத்தார். அடுத்து மகளின் அறை. கதவு சாத்தியிருந்தது. போலீஸ்காரர் கைப்பிடியை நோக்கிக் கையை நீட்டியதும் காற்புள்ளி குறுக்கே போய் நின்றுவிட்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய நாட்களிலெல்லாம் அவர் ஜன்னல் கொக்கியைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். முதலில் தெரிந்துகொள்ளப் போவதோ காக்கிச் சட்டை போட்ட ஒரு அந்நியர்.

"நகருங்க."

"சார், இந்த ரூம்ல..."

"இந்த ரூம்ல?"

"மின்விசிறி ஓடுது," என்றார் காற்புள்ளி.

அந்த நேரத்தில் டம்பெல் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். பின்னாலேயே நர்ஸ், மூச்சு வாங்காமல் வந்தார். பலகையும் அபராதமும் சங்கத் தீர்மானம்தான் என்று டம்பெல் சத்தியம் செய்தார். போலீஸ்காரர் நம்பியதாகத் தெரியவில்லை. நர்ஸ்தான் முன்னால் வந்தார்.

"சார், நான் ஓட்டுப் போடாத ஆளு. அதனால சொல்றேன். இவருக்குச் சொந்த வீட்டுல ஒரு கேள்வி கேக்கவே வாய் வராது. இவர் எங்க போய் வியாபாரம் பண்ணப் போறாரு?"

போலீஸ்காரர் காற்புள்ளியின் முகத்தைப் பார்த்தார். கதவுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, மின்விசிறிக்குக் காவல் நிற்பவர்போல நின்ற ஆளைப் பார்த்து அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அபராதம் போட உங்களுக்கு யாருங்க அதிகாரம் குடுத்தது? சாயங்காலத்துக்குள்ள போர்டு இறங்கணும்." படுக்கைவிரிப்பைக் காற்புள்ளியின் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். டம்பெல் வழியனுப்பக் கூடவே போனார். நர்ஸ் போகும்போது காற்புள்ளியைத் திரும்பிப் பார்த்தார்.

கதவு திறந்தது. மகள் வெளுத்த முகத்தோடு வந்து, மேசைமேல் பாதி காலியான மாத்திரை அட்டை ஒன்றையும் அதன் பக்கத்தில் மடித்த நோட்டுகளையும் வைத்தாள்.

"இந்தாங்கப்பா."

"என்னது?"

"ஃபைன்." அவள் குரல் சின்னதாக இருந்தது. "முழுசா இல்ல. கடன் கிடையாதுன்னு போட்டிருக்கீங்க. மிச்சத்தை எப்படியாவது கட்டிடுறேன். கட்டிட்டா கேக்க மாட்டேன்னு சொன்னீங்கல்ல?"

ரசீதுப் புத்தகம் மேசையில்தான் கிடந்தது. முதல் பக்கம் இன்னும் வெறுமையாக இருந்தது. காற்புள்ளி அதைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். தான் கேட்காமலிருக்க ஒரு சட்டம் போட்டார். அவளோ சொல்லாமலிருக்கக் கைச்செலவுக் காசைச் சேர்த்து வைத்திருக்கிறாள். சட்டம் இவ்வளவு பிரமாதமாக வேலை செய்யும் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை.

நோட்டுகளை அவள் பக்கமே தள்ளினார்.

"காசு வேண்டாம்."

"அப்ப?"

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் கொக்கி சரியாக விழுந்திருந்தது. விசாரிக்க வேறு எதுவும் மிச்சமில்லை.

"பாப்பா, அது வந்து, நீ, அதாவது, நான் என்ன கேக்க வந்தேன்னா, உனக்கு என்னம்மா ஆச்சு?"

மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "இதுல பாதிக்கு மேல வேண்டாத சொல்லுப்பா."

"தெரியும்."

"வெட்டலையா?"

"இருக்கட்டும்."

அவள் நாற்காலியில் கால்களை மடக்கி உட்கார்ந்தாள். பரீட்சைக்குக் கண் விழிக்க என்று இரண்டாம் மாடித் தோழி கொடுத்ததாம். முதலில் ஒன்று போதுமாக இருந்ததாம். இப்போது அது இல்லாமல் ஒரு வரி படிக்க முடியவில்லை, அது இருந்தால் கண்ணை மூட முடியவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. சொன்னதையே திரும்பச் சொன்னாள். நடுவில் நிறுத்தினாள். ஆரம்பத்தில் சொல்ல வேண்டியதைக் கடைசியில் சொன்னாள்.

"ஏன்டா இதெல்லாம்? குறைஞ்சா குறைஞ்சிட்டுப் போகுது," என்றார் அவர்.

"நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது வாங்கினப்ப அந்த ஒரு மார்க் எங்க போச்சுன்னு தேடினீங்க. பேப்பரை வாங்கி, கண்ணாடிய மாட்டிக்கிட்டு, அரை மணி நேரம்."

காற்புள்ளியின் கை பழக்கத்தில் சட்டைப்பைப் பேனாவைத் தேடிப் போனது. வெறுமனே திரும்பி வந்து மேசைமேல் உட்கார்ந்தது. மாத்திரை அட்டையைத் தூக்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

"முதல் மாடி நர்ஸக்காவைக் கூப்பிடட்டுமா? எந்த டாக்டர்கிட்டப் போகணும்னு அவங்களுக்குத் தெரியும்."

"திட்டுவாங்களா?"

"என்னைத் திட்டுவாங்க."

"சரி, கூப்பிடுங்க. அம்மாவையும் கூப்பிடுங்க."

அவர் ஃபோனை எடுத்தபோது அழைப்புமணி அடித்தது. நர்ஸ்தான் தானாகவே வந்துவிட்டார் என்று நினைத்துக் கதவைத் திறந்தார். டை கட்டியவர் நின்றார். இன்று டை கோணலாக இருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"சார், கடன் கிடையாதுன்னு தெரியும். நேத்து போர்டையும் மூடிட்டீங்க. இருந்தாலும், ஒண்ணே ஒண்ணு கிடைக்குமா?"

காற்புள்ளி மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டாள்.

"உள்ள வாங்க, உக்காருங்க," என்றார் காற்புள்ளி. இரண்டாவது முறை என்பதால் சொற்கள் கொஞ்சம் குறைவாகவே வந்தன. "உங்களுக்கு என்ன சார் ஆச்சு?"

"அதை நீங்க யாரு சார் கேக்கிறதுக்கு?" என்றார் டை கட்டியவர். கேட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, உள்ளே வந்து உட்கார்ந்தார்.